இருமுறை கழித்த கணக்கு

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒருவழியாகக் கணக்கு முடிந்தது. வண்டிக் காப்பீட்டில் டிடக்டிபிளைப் பத்தாயிரத்திலிருந்து இருபத்தையாயிரமாக உயர்த்தினால் கம்பெனிக்கு க்ளெய்ம் செலவு எவ்வளவு குறையும்? ஒரு மாதமாக இதே பாட்டு. வீட்டில் இவருக்கு இன்னும் புரியவில்லை. சாப்பிடும்போது மறுபடி விளக்கினேன். வண்டி இடித்து அறுபதாயிரம் செலவு என்றால் முதல் இருபத்தையாயிரம் வண்டிக்காரர் பாடு, மிச்சம் முப்பத்தையாயிரம் எங்கள் பாடு. இருபத்தையாயிரத்துக்குள் முடிகிற கீறல், ஒடுக்கு எதுவும் எங்கள் பக்கம் எட்டியே பார்க்காது.

"அப்புறம் எதுக்குக் காப்பீடு எடுக்கணும்?" என்றார். நல்ல கேள்விதான். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

மேலாளருக்கு வாயெல்லாம் பல். செலவு பாதிக்குப் பாதி குறைகிறது, பிரீமியத்தைத் தாராளமாகக் குறைக்கலாம். "கலக்கிட்டீங்க" என்றார். பத்து வருடத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 3, வியாழன்

புது பாலிசி சக்கைப்போடு போடுகிறதாம். விற்பனைப் பிரிவில் எனக்கு வணக்கம் வைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஏதோ சரியில்லை. நான்கு மாத க்ளெய்ம், நான் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு. மழையா? உதிரிபாக விலையா? இரண்டையும் கழித்துப் பார்த்தேன். அப்படியும் இடிக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலேயே இருந்திருக்கலாம்.

க்ளெய்ம் பிரிவு எனக்குக் கொடுத்த பட்டியலில் இருந்தது மொத்தச் செலவு அல்ல. பழைய பத்தாயிரத்தைக் கழித்துவிட்டு நாங்கள் கொடுத்த தொகை. அறுபதாயிரம் செலவுக்கு அங்கே ஐம்பது என்றுதான் இருக்கும். அதில் நான் கழிக்க வேண்டியது இன்னும் பதினைந்து. நான் முழு இருபத்தைந்தையும் கழித்திருக்கிறேன். அந்தப் பத்தாயிரம் இரண்டு முறை போய்விட்டது. ஒவ்வொரு வண்டிக்கும். ஆயிரக்கணக்கான வண்டிக்கும்.

முதல் வருடம் படிக்கிற பிள்ளைகூடச் செய்யாத தப்பு. இல்லை, பிள்ளைகள் கேட்டுவிட்டுச் செய்யும். என்னை மாதிரிப் பழுத்தவர்கள்தான் கேட்க மாட்டோம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கூட்டத்தில் என்ன தப்பு என்று சொன்னேன். யார் தப்பு என்று சொல்லவில்லை.

"பட்டியல்ல இருந்தது கழிச்ச தொகை சார்" என்றேன், அவ்வளவுதான். மேலாளர் உடனே க்ளெய்ம் பிரிவு அக்கா பக்கம் திரும்பிவிட்டார். ஆபீஸ் முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு வருட சர்வீஸ். எந்த வண்டி எந்த வருடம் எங்கே இடித்தது என்று ஃபைலைத் திறக்காமலே சொல்லுவார்.

"இவங்ககிட்ட அதைச் சொல்லித்தான் பட்டியலைக் கொடுத்தீங்களா இல்லையா?"

அக்கா என்னைப் பார்த்தார். "சொன்னேன்னுதான் நினைக்கிறேன் சார்…" என்று இழுத்தார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொன்னார். ஜனவரியில், மதியம், கை கழுவிவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னார். "இதெல்லாம் பத்தாயிரம் போக நாம கொடுத்ததும்மா. பாத்துக்கோ." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்ம்' என்றேன். அவர் விரலிலிருந்து சொட்டின தண்ணீர்கூட எனக்கு நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். "நீயா போய் மாட்டிக்காத. அவங்களை யாரும் வேலையை விட்டா தூக்கப்போறாங்க?" என்றார். இதைக் கேட்கத்தான் சொன்னேனோ?

செப்டம்பர் 4, வியாழன்

சாப்பாட்டு அறையில் அக்காவும் நானும் மட்டும். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"உன்கிட்ட வந்து சொன்ன மாதிரியே இருக்கும்மா. நீ தலையாட்டின மாதிரிகூட இருக்கு. நடக்காததெல்லாம் நடந்த மாதிரித் தெரியுது பாரு." டப்பாவை மூடிவிட்டு, "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க" என்றார்.

இதுதான் சமயம். வாய்வரை வந்தது. தண்ணீர் குடித்தேன். மேலாளர் திட்டுவார், பதவி உயர்வு போகும், அதெல்லாம்கூட இல்லை. இரண்டு வாரம் பேசாமல் இருந்ததை எப்படிச் சொல்வது? நாள் ஆக ஆகத் தப்பு பெரிதாகிக்கொண்டே போகிறது. சீ, என்ன ஜென்மம் நான்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

அக்கா விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. "என் மண்டையை நம்பி மத்தவங்க கணக்குப் போடக்கூடாது" என்றாராம். மேஜையைக் காலி செய்யும்போது ஒவ்வொரு இழுப்பறையையும் இரண்டு முறை திறந்து பார்த்தார்.

செப்டம்பர் 29, திங்கள்

மேலாளர் அறைக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அறிக்கை மேல போயாச்சும்மா. பிரீமியத்தையும் ஏத்தியாச்சு. அவங்களே ஒத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. இப்ப எதுக்கு இதைக் கிளறிக்கிட்டு?"

இவ்வளவு நாள் பயந்தது இதற்கா? எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, துணி காயும் சின்ன பால்கனி. கேஸ் அடுப்புக்கு மேல் சுவரில் 'அணைத்தாயா?' என்று காகிதம் ஒட்டியிருந்தார். கதவுக்குப் பின்னால் 'சாவி'.

சொன்னேன். ஜனவரி, மதியம், ஈரக்கை, 'ம்ம்' எல்லாம். ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அழுதுவிட்டேன். அக்கா என் முதுகைத் தடவினார்.

"நல்ல மனசும்மா உனக்கு. எனக்காக இப்படியெல்லாம் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்காதே."

"சத்தியமா அக்கா!"

"எங்கம்மாகிட்ட நானும் இப்படித்தான் பேசுவேன். நீ எதையும் மறக்கலைம்மான்னு."

டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறாராம். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வருகிறாயா என்று கேட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம்.

டாக்டர் கேட்டார்: "மறதியை முதல்ல எப்பக் கவனிச்சீங்க?"

"ஜனவரியில டாக்டர். ஆபீஸ்ல ஒரு பட்டியல் விஷயமா."

"இல்ல டாக்டர்" என்றேன். "அது இவங்க மறதி இல்லை. சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கலை. அது என் தப்பு."

டாக்டர் என்னை இதமாகப் பார்த்தார். "கூட வர்றவங்களுக்கு ஒத்துக்கக் கொஞ்ச நாளாகும்" என்றார். பிறகு குனிந்து, அக்காவின் காகிதத்தில் ஜனவரி என்று எழுதிக்கொண்டார்.

அக்கா மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து மெதுவாக அழுத்தினார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்.