நீங்கள் காயவைத்த வலை

உங்கள் மகள் கொடுத்தனுப்பிய சாக்குப்பையைப் பிரித்ததும் முதலில் வேப்பிலை வாடைதான் வந்தது. அடுத்து, மரப்பட்டைச் சாற்றில் தோய்த்த நூலின் துவர்ப்பு வாடை. வலையை நான் பார்த்தது அதற்கப்புறம்தான். பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை சார். கோபம்தான் வந்தது, அதே பழைய கோபம்.

கூடுவாஞ்சேரி வீட்டைக் காலி செய்யும்போது பீரோவின் அடித்தட்டில் இருந்ததாம். "அங்கிள், வருஷா வருஷம் இத மொட்டை மாடியில வெயில்ல போட்டு, புது வேப்பிலை வெச்சு மடிப்பாரு. அம்மாவைக்கூட தொட விடமாட்டாரு. என்னன்னு கேட்டா, பாய்க்குத் தெரியும்பாரு" என்று போனில் சொன்னாள். பாய்க்குத் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். பழைய மாணவர் சங்கத்தில் உங்களுக்கு இரங்கல் மலர் போடுகிறார்கள், 'முதல்வரோடு நெருக்கமாக இருந்த உடற்கல்வி ஆசிரியர்' என்று என்னிடம் நாலு பக்கம் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். சரி, ஊருக்குச் சொல்லவில்லை. உங்களுக்கே சொல்கிறேன்.

எழுபதுகளில் நம் செங்கல்பட்டுக் கல்லூரிக்கு இருந்தது ஒரு மண் மைதானமும் இரண்டு வாலிபால் கம்பங்களும்தான். பல்கலைக்கழகம் அப்போது விளையாட்டுக்காகக் கல்லூரிகளை இரண்டு வட்டாரமாகப் பிரித்து வைத்திருந்தது. பட்டணத்துக் கல்லூரிகள் ஒன்று, நம்மைப் போன்ற வெளியூர்க் கல்லூரிகள் ஒன்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் நன்றாக ஆடுகிறவனைப் பல்கலைக்கழக அணிக்கு எடுப்பார்கள். அந்தச் சட்டையை ஒரு வருடம் போட்டவனுக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைத்துவிடும். ஆனால் ஒரு வட்டாரம் என்று இருக்க ஆறு கல்லூரியாவது வேண்டும். நாம் சரியாக ஆறுதான். ஒன்று விலகினால் மற்ற ஐந்துக்கும் வட்டாரமே கிடையாது.

ஆறு கல்லூரிக்கும் சேர்த்து உருப்படியாக இருந்தது இந்த ஒரு வலை. கடையில் வாங்கியது இரண்டு மாதத்தில் இற்றுப்போகிறது என்று கடலோரக் கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த எல்லப்பன் தன் அப்பாவைக் கொண்டு பின்னிக் கொண்டுவந்தான். மாமல்லபுரத்து மீன்வலைக்காரர் பின்னியது, பந்து பட்டால் 'தொம்' என்று சத்தம் வரும். அதற்கு ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. போட்டி முடிந்ததும் நடத்திய கல்லூரியின் முதல்வர் தன் கையாலேயே அதை அவிழ்த்து, மடித்து, நடுக்கோட்டில் நின்று, அடுத்த வருடம் நடத்தப்போகும் கல்லூரியின் கேப்டன் கையில் தர வேண்டும். வேறு யாரும் தரக் கூடாது. ஒருமுறை ஒரு முதல்வர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று எட்டு நாள் காத்திருந்தார்களே தவிர, துணை முதல்வர் நீட்டியதை வாங்கவில்லை. நீங்கள்கூடச் சிரித்தீர்கள். "ராஜா செங்கோல் தோத்தது போங்க" என்றீர்கள்.

அந்த வருடம் நம் மைதானத்தில் போட்டி. அடுத்த வருடம் கடலோரக் கல்லூரியின் முறை, அவர்களுக்கு முதல் தடவை. இறுதி ஆட்டம் முடிகிற நேரத்தில் பிடித்ததே ஒரு மழை! அதற்குள் அவர்கள் கேப்டனாகிவிட்ட எல்லப்பன் நடுக்கோட்டில் தொப்பலாக நனைந்துகொண்டு கையை நீட்டியபடி நிற்கிறான். நீங்கள் வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஈரத்தோட மடிச்சா நூல் அழுகிடும்ப்பா. காயவெச்சு நானே கொண்டாந்து தரேன்" என்றீர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வலை காய்வதற்குள் பட்டணத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் வட்டாரத்தில் ஓர் இடம் காலி, நீங்கள் வருகிறீர்களா என்று. தாளாளருக்குத் தலைகால் புரியவில்லை. பேப்பரில் கல்லூரிப் பெயர் வரும், இயற்பியல் பட்டப்படிப்புக்கு அனுமதி கேட்கவும் தோதாக இருக்கும் என்று உங்களைப் பிடித்து உலுக்கினார். நம் பையன்களும் உங்கள் அறை வாசலில் வந்து நின்றார்கள். தேர்வாளர்கள் பட்டணத்து ஆட்டத்தைத்தான் உட்கார்ந்து பார்க்கிறார்கள், நம் பக்கம் தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள் என்று அவர்கள் சொன்னதும் பொய்யில்லை.

மூன்று சாயங்காலம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். எப்போதும் என் கழுத்து விசிலைக் கிண்டல் செய்வீர்கள். "பாய், நிக்காவுக்கும் இத மாட்டிக்கினுதான் போனீங்களாமே" என்பீர்கள். அந்த மூன்று நாளும் ஒரு கிண்டல் இல்லை. நான் வேண்டாம் என்றேன். ஐந்து கல்லூரியின் வயிற்றில் அடிக்கிற வேலை இது என்றேன். மூன்றாம் நாள் நின்று, என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். "போகலேன்னா நம்ம பசங்க திட்டுவாங்க. போனா அவங்க பசங்க திட்டுவாங்க. இதுல எந்தத் திட்டு என் காதுல விழும், சொல்லுங்க பாய்." கேள்வி கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். முடிவைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் கடலோரக் கல்லூரிக்கு வரச்சொல்லி அழைத்தார்கள், புது மைதானத்தைப் பார்த்துவிட்டுப் போக. இருவரும் பஸ்ஸில் போனோம். வெறும் மணல் பூமி அது. பையன்கள் ஏரியிலிருந்து களிமண் அடித்துவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, வரிசையாகத் தோளைப் பிடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். எல்லப்பனுக்கு முழங்கால்வரை சேறு. ஓடி வந்தான். "இன்னா சார், வலை காஞ்சிச்சா?" என்றான். நீங்கள், "காஞ்சுக்கிட்டே இருக்குப்பா" என்றீர்கள். அவர்கள் முதல்வர் இலை போட்டார். மீன் உங்களுக்கு ஆகாது என்று உங்களுக்கு மட்டும் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கச் சொல்லியிருந்தார். இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள் சார். எனக்கு அது மறக்கவே மாட்டேன் என்கிறது.

திரும்பி வரும்போது, திருக்கழுக்குன்றத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "கையெழுத்துப் போட்டுட்டேன் பாய். முந்தாநாளே அனுப்பியாச்சு."

"அப்ப அங்க எதுக்கு சார் வந்தோம்?"

"சொல்லிடலாம்னுதான் வந்தேன். அந்தப் பையன் சேத்தோட ஓடி வந்தானா... வாய் வரல."

வாய் வரவில்லை! குழம்பு கேட்க வந்த வாய்! திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றதும் நான் இறங்கிவிட்டேன். "பாய், ஏறுங்க, எல்லாரும் பார்க்கறாங்க" என்று ஜன்னல் வழியே கூப்பிட்டீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் உங்களைத் திட்டாத திட்டில்லை.

மறுநாள் காலையில் வேலைக்கு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். பட்டணத்து வட்டாரத்துக்கு அணிப் பட்டியலை என் கையால்தான் எழுதினேன். ஒவ்வொரு வருடமும் முதல் சுற்றிலேயே உதை வாங்கிக்கொண்டு ரயிலேறினோம். ஆனால் நம் சுந்தரத்தை யாரோ பார்த்துவிட்டு ரயில்வேயில் எடுத்துக்கொண்டார்கள். லட்டோடு வந்தான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், 'பார்த்தீங்களா பாய்' என்பதுபோல. அந்த லட்டை நானும்தான் தின்றேன். ஆனால் சுந்தரத்துக்குக் கிடைத்ததைக் காட்டி எல்லப்பனுக்குப் போனதை மூட முடியுமா? அவனுக்கு அது கடைசி வருடம். நம் ஆறு கல்லூரியிலும் அவன் மாதிரி எகிறி அடிக்கிறவன் யாரும் இல்லை. வட்டாரம் கலைந்தது, அவனை யாரும் பார்க்க வரவில்லை, அவன் கல்பாக்கத்துப் பக்கம் கட்டட வேலைக்குச் செங்கல் சுமக்கப் போனான். மிதித்துப் போட்ட மைதானத்தில் மறு வருடம் மாடு மேய்ந்தது என்று சொன்னார்கள்.

நீங்கள் பட்டணத்தோடு போனதைக்கூட என்னால் ஒருமாதிரி புரிந்துகொள்ள முடிகிறது சார். உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. வலையைக் கொண்டுபோய்க் கொடுக்காததைத்தான் பொறுக்க முடியவில்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் என்ன காசி யாத்திரையா? வருடா வருடம் வெயிலில் போட்டு வேப்பிலை மாற்றத் தெரிந்தவருக்கு ஒரு பஸ் ஏறத் தெரியாதா? காதில் விழாத திட்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டீர்கள். போனால் அது விழுந்துவிடும் என்ற பயம். அவ்வளவுதான்.

போன வாரம் சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு நானே மாமல்லபுரம் போனேன். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே எல்லப்பன் மீன் வறுத்து விற்கிறான். தலை முழுக்க வெளுத்துவிட்டது, தோள் மட்டும் அப்படியே இருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு வலையைப் பிரித்தான். கண்ணி கண்ணியாகத் தடவினான்.

"எங்க நைனா போட்ட முடிச்சு சார் இது" என்றான். "நூலு சோக்கா கீதே. யாரு வேப்பிலை வெச்சது?"

சொன்னேன்.

"அவரு எங்க?"

"போன மாசம் தவறிட்டாருப்பா."

அடுப்பில் மீன் கருகியது. பிறகு வலையை ஒரு ஓரத்திலிருந்து அழகாக மடித்து, வேப்பிலையைப் பழையபடி நடுவில் வைத்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"அவரு வந்து குட்த்திருந்தா வாங்கியிருப்பேன் சார். எப்ப வந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். இத்தினி வருசமா இங்கயேதான் கடை போட்டுகினு கீறேன், எங்க போய்ட்டேன்? நீங்க குட்த்தா செல்லாது."

ஒரு வார்த்தை உங்களைத் திட்டவில்லை சார். எனக்கு மீன் கொடுத்தான், காசு வாங்க மறுத்துவிட்டான்.

வலை இப்போது என் வீட்டில் இருக்கிறது. யாருக்கும் கொடுக்க முடியாது, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. வேப்பிலை காய்ந்து நொறுங்க ஆரம்பித்துவிட்டது. நாளைக்கு நல்ல வெயில் அடித்தால் மாடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போட வேண்டும். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். உங்களைத் திட்டிக்கொண்டேதான் ஏறுவேன், சத்தமாகவே. அந்தத் திட்டாவது உங்கள் காதில் விழட்டும்.