இரண்டாவது வரி

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

லிங்கராஜ் அவர்களுக்கு,

சிவப்பிரகாஷின் தங்கை அனுசியா எழுதுவது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிழித்துப் போடும் முன் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.

அண்ணனைக் காணவில்லை. மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போன தோணி பத்தொன்பது நாளாகியும் சேரவில்லை. நான்கு நாள் ஓட்டம். தோணி ஓடும் பருவம் மூடுமுன் கடைசி நடை என்று அவனும் கூட ஏறினான். மொத்தம் ஒன்பது பேர். தேடுகிறோம் என்கிறார்கள். அம்மா அவன் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டு, மறுபடி துவைக்கிறாள்.

மாப்பிள்ளையூரணியில் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் உங்களைக் கூப்பிட்டு என் பெயரைச் சொன்னதுமே போனை வைத்துவிட்டீர்களாம். பிறகு எடுக்கவே இல்லையாம். “புது நம்பரக் குடுக்கக் கூடாதுன்னுதான் சத்தியம் வாங்கிருக்கான் ஏளா, வெலாசத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியே” என்று விலாசத்தை எழுதித் தந்தார்கள். அதனால்தான் கடிதம்.

அண்ணனின் வெங்காய வியாபாரத்துக்கு நீங்கள் பதிவு செய்து கொடுத்த இணைய முகவரி நினைவிருக்கும். அதை அவன் ஒவ்வொரு வெங்காயச் சாக்கிலும் பெருமையாக அச்சடித்திருந்தான். சாக்கில் வேறு எந்த விலாசமும் இல்லை. ஒரு சாக்கு எங்காவது கரை ஒதுங்கினால், எடுப்பவர் அதைத்தான் தட்டிப் பார்ப்பார்.

என் தோழி இசக்கிச்செல்வி வேறொரு சர்வரில் புதுப் பக்கம் செய்தாள். அண்ணன் படம், ஒன்பது பெயர்கள், என் எண். முகவரியை அங்கே திருப்ப, டொமைன் கணக்கில், எந்தச் சர்வருக்குப் போவது என்று வழிகாட்டும் இரண்டு நேம் சர்வர் வரிகளையும் மாற்ற வேண்டும். அண்ணனின் கணினியில் உங்கள் கணக்கு திறந்தே கிடந்தது. முதல் வரியில் புதியதை இட்டேன். இரண்டாவதில் உங்கள் பழையதை விட்டுவிட்டேன். ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று இசக்கியிடம் சொன்னேன். சேமித்தேன். மூடினேன்.

அது அப்படி வேலை செய்யாதாம். தேடி வருபவர்களில் சிலர் புதுப் பக்கத்துக்குப் போகிறார்கள். சிலர் பழையதற்கு.

துறைமுக வாசலில் லாரி ஓட்டுநர்களின் போனை வாங்கி முகவரியைத் தட்டிப் பார்த்தேன். ஐந்தில் மூன்றில் அண்ணன் முகம். ஒருவர், “எனக்கு வெங்காய வெலதான் வருது தங்கச்சி, அதுவும் போன வருசத்து வெல” என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சரிசெய்ய மறுபடி நுழைந்தால் ஓடிபி கேட்கிறது. அது உங்கள் பழைய எண்ணுக்குப் போகிறது. இரண்டு மாதமாக நீங்கள் அணைத்து வைத்திருக்கும் எண்.

நேற்று தோணிச் சங்கத்திலிருந்து ஆறுமுகநயினார் அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். மாலேயிலிருந்து திரும்பிய ஒருவன் அங்கே கடைத்தெருவில் பேசிக்கொண்டதைக் கேட்டானாம். ஏதோ ஒரு தீவில் நம் சாக்குகள் ஒதுங்கின. எடுத்தவர் முகவரியைத் தட்டி, அதில் வந்த எண்ணுக்கு இரண்டு முறை அடித்துப் பார்த்தார். அணைந்திருந்தது. எந்தத் தீவு, ஆள் யாராவது கிடைத்தார்களா என்று கேட்கவில்லையா என்றேன். “நம்ம தோணி காணலங்கதே அவனுக்கு இங்கன வந்துதான் தெரியும் தாயி” என்றார் அண்ணாச்சி.

பழைய பக்கத்தில் இருப்பதும் உங்கள் அந்த எண்தான்.

இசக்கி இரண்டையும் மாற்றத்தான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. நம் கல்யாணப் பேச்சு முறிந்த அன்று, “ஏலே, பொட்டி தட்டுறவனுக்கு எந்தங்கச்சி கேக்குதோ” என்று அண்ணன் உங்களைச் சொன்னபோது கதவுக்குப் பின்னால் நின்றேன். வாய் திறக்கவில்லை. இரண்டாவது வரி நீங்கள் உங்கள் கையால் இட்டது. அழிக்க என் கை வரவில்லை. இசக்கியிடம் சொன்னது பொய்.

அண்ணன் மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும். பழைய சிம்மைப் போனில் போடுங்கள். உள்ளே போய் அந்த வரியை அழித்துவிட்டுப் புதியதை இடுங்கள். தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துவிட்டேன்.

அழித்த பிறகும் சிம்மை எடுத்துவிடாதீர்கள். அந்தத் தீவிலிருந்து மூன்றாவது முறை அடிக்கலாம். எந்த மொழியில் பேசினாலும் வைத்துவிடாதீர்கள். புரியாவிட்டாலும் பிடித்துக்கொண்டே இருங்கள், அத்தான்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அனுசியா