முன் படிக்கட்டும் வியாழக்கிழமையும்

விடுதி, ஞாயிறு இரவு

அன்புள்ள அலஸ்டர் அண்ணாவுக்கு,

வட கடலில் காற்று அடங்கியதா? போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் திட்டாதே. நாளை காலை விவாத மேடை. பயமாக இருக்கிறது.

போன வாரம் பின் படிக்கட்டு ஈரமாக இருந்ததால் முன் படிக்கட்டில் ஏறினேன். அது மேல்வகுப்புப் பெண்களுக்கு மட்டுமாம். எங்கே எழுதியிருக்கிறது என்று மாணவர் தலைவி பிலிப்பாவிடம் கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும்டி. உனக்காக எழுதி வேற ஒட்டணுமா, மகாராணி?" என்றாள். தண்டனையாகச் சனிக்கிழமை வெளியே போக விடவில்லை.

அந்தக் கோபத்தில் வரலாற்று வகுப்பில் வாயைக் கொடுத்துவிட்டேன். நம் பிரிட்டனின் அரசியலமைப்பும் ஒரே புத்தகமாக இல்லையாம். கொஞ்சம் பழைய சட்டம், கொஞ்சம் தீர்ப்பு, மீதி வழக்கம். பிரதமரே வழக்கத்தை மீறினால் என்று கேட்டேன். "வெட்கப்படுவாங்கன்னு நம்புறோம்" என்று வரலாற்று ஆசிரியை மிஸ் தோர்ன்டன் சிரித்தார். வெட்கமே இல்லாதவர் வந்தால்? "நீயே மேடையேறிக் கேளு" என்று சொல்லிவிட்டார்.

அரசியலமைப்பை எழுதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பேச்சும் தயார். இன்று மாலைதான் விடுதிக் காப்பாளர் அறிவித்தார்: நாங்கள் ஜெயித்தால் நாளையே விடுதி விதிகளும் ஒரே தாளில் எழுதப்படும். தாளில் இல்லாத தண்டனையும் கிடையாது, சலுகையும் கிடையாது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு சமையல்கார மிசஸ் ஓல்ட்ராய்ட் மெதுவாகக் கேட்டார்: "அப்போ நம்ம வியாழக்கிழமை என்னாகும் கண்ணு?"

வார நாளில் போன் கூடாது. கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் உனக்கு வியாழன் இரவு மட்டும்தான் ஓய்வு என்பதால் அவர் என்னை அடுப்படி போனுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார வைத்து, "நான் உன்னைப் பார்க்கவே இல்ல" என்று கதவைச் சாத்துவார். காப்பாளரும் அந்தப் பக்கம் வருவதில்லை. இதை எப்படித் தாளில் எழுதுவார்கள்?

எழுதாததால்தான் பிலிப்பா மிரட்டுகிறாள். எழுதாததால்தான் உன் குரலும் கிடைக்கிறது. நாட்டுக்கு ஒரு நியாயம், விடுதிக்கு ஒரு நியாயம் என்று பேசலாமா? ஒன்றும் புரியவில்லை அண்ணா. அடுத்த கட்டிலில் புதுப்பெண் மேரியல் இப்போதும் அழுதுகொண்டிருக்கிறாள். அவளும் முன் படிக்கட்டில் ஏறிவிட்டாள். அவளுக்கு அடுப்படியில் யாரும் இல்லை.

இது புதன்கிழமைதான் உன் கைக்கு வரும். வியாழன் ஒன்பது மணிக்கு வழக்கம்போலக் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால், நன்றாகப் பேசினேன் என்று வைத்துக்கொள். ஆனாலும் போன் மணி முழுவதும் அடித்து ஓயும்வரை வைத்துவிடாதே. மாடியில் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும்.

உன் தங்கை
ஹெஸ்டர்