முப்பத்தொன்றாம் எண் சட்டைக்குள் இருப்பவன் என் மகன்

அனுப்புநர்:
லோரெட்டா குபிசெக்,
தெற்கு மில் தெரு,
ஆஸ்டர்வால்ட், நெப்ராஸ்கா.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
சமவெளிக் கல்லூரிகள் விளையாட்டுக் கூட்டமைப்பு,
லிங்கன், நெப்ராஸ்கா.

பொருள்: ஆஸ்டர்வால்ட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி – என் மகன் டில்லன் குபிசெக்கின் ஆட்டங்கள் யாவும் இல்லாத ஒருவன் பெயரில் பதியப்பட்டிருப்பது – வரும் சனிக்கிழமைக்குள் அவன் பெயரை மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மனுவும், அதற்கு ‘திருமதி மேரிக் அவர்களுக்கு’ என்று விளித்துத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் திருமதி மேரிக் அல்ல. அப்படி ஒருத்தி இருக்க வழியும் இல்லை. சென்ற மனுவில் என் பெயரைத் தட்டச்சில் அடித்து, கீழே கையொப்பமும் இட்டிருந்தேன். அப்படியிருந்தும் தங்கள் எழுத்தர் யாரை நினைத்து அந்தப் பதிலை எழுதினாரோ தெரியவில்லை. ஆகவே இம்முறை நடந்ததை ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன். தயவுகூர்ந்து கடைசிவரை படிக்க வேண்டும்.

1. நான் ஆஸ்டர்வால்ட் மளிகைக் கடையில் இறைச்சி வெட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் இறந்துவிட்டார். எனக்கு ஒரே மகன், டில்லன். பள்ளியில் ஆடும்போது அவனைப் பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளூர்க் கல்லூரி சேர்த்துக்கொண்டது. முதல் வருடம் களத்தில் இறக்கவில்லை. மறு வருடம் பயிற்சி தொடங்கியபோது அவன் கால்களுக்கு என்ன வந்ததோ, பந்தைக் கையில் வாங்கினால் யாராலும் பிடிக்க முடியவில்லை. பெற்றவள் என்பதால் சொல்லவில்லை. தோற்ற அணிகளின் பயிற்சியாளர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

2. கல்லூரி வீரர்கள் விளம்பரங்களில் தோன்றிப் பணம் பெறலாம் என்று அனுமதி வந்த கதை தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் குறை சொல்லவில்லை. உடம்பு அவர்களுடையது, எலும்பு முறிவதும் அவர்களுக்குத்தான், வாங்கட்டும். ஆனால் எங்களைப் போன்ற சிறிய கல்லூரிக்கு அது என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே ஒருவன் ஒரு பருவம் நன்றாக ஆடினால் போதும். ஜனவரியில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அவனை இழுத்துக்கொள்ளும், அவன் அறை காலியாகிவிடும். பெரிய பல்கலைக்கழகத்தின் புரவலர்கள் ஒரு காலணி விளம்பரத்துக்குத் தரும் பணத்தில் எங்கள் அணி ஒரு வருடம் சாப்பிடலாம். எங்கள் ஊரால் கொடுக்க முடிந்ததெல்லாம் பார்ட்டோஷின் டயர் கடையில் நாலு டயரும், உணவகத்தில் வாரம் ஒரு சாப்பாடும்தான். முன்வரிசை ஆட்கள் போனார்கள், அணியில் இருந்த இரட்டைச் சகோதரர்கள் போனார்கள், கடைசியில் பந்தை உதைக்க மட்டும் வரும் பையனையும் தூக்கிக்கொண்டு போனார்கள். புதிதாகச் சேர்க்கலாம் என்றால் பள்ளிப் பிள்ளைகள் வருவதில்லை. வருடா வருடம் கலைகிற அணியில் எந்தப் பெற்றோர் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? பயிற்சியாளர் திரு. ராய்ஸ் டெனன்ட் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, “விதைக்கிறது நாம, அறுக்கிறது அவங்க. இன்னும் ஒரு வருஷம் இப்படிப் போச்சுன்னா டீமையே மூடிடுவாங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை நானே பார்த்தேன்.

3. பிறகுதான் அவர்கள் அந்தக் காரியத்தைச் செய்தார்கள். திரு. டெனன்ட்டும், புரவலர் சங்கத் தலைவரான டயர் கடை ஜீன் பார்ட்டோஷும் சேர்ந்து, என் மகனைப் பெரிய இடங்களின் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க முடிவு செய்தார்கள். தங்கள் கூட்டமைப்புக்கு அனுப்பும் ஆட்டக் குறிப்புகளிலும் ஒளிப்பதிவுகளிலும் அவன் ஓடிய ஓட்டமெல்லாம் ‘ஜேஸ் மேரிக், எண் 31’ என்ற பெயரில் போனது. அப்படி ஒரு மாணவன் எங்கள் கல்லூரியில் இல்லை. பெரிய பல்கலைக்கழகத்தார் தேடினால் தொலைபேசி எண் கிடைக்காது, வீடு கிடைக்காது, பேசி மயக்க ஒரு தகப்பன்கூடக் கிடைக்க மாட்டான். “ஆள் இருந்தாத்தானே தூக்குவான்” என்று பார்ட்டோஷ் சிரித்தாராம். என் மகன் பெயர் மாற்று ஆட்டக்காரர்களின் வரிசையில் கடைசியில் போனது. எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வருடத்தின் முதல் ஆட்டத்தன்று என் பிள்ளை பந்தோடு ஓடுகிறான், ஒலிபெருக்கி ‘மேரிக், மேரிக்’ என்று கத்துகிறது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “அம்மா, அது நான்தான். வெளியில சொல்லிடாத. கொஞ்ச நாளைக்குத்தான்” என்றான்.

4. தந்திரம் பலித்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஜனவரியில் என் மகனைத் தேடி யாரும் வரவில்லை. ஆனால் மேரிக் வளர ஆரம்பித்தான். டயர் கடைக்கு விளம்பரம் வேண்டும் என்று பார்ட்டோஷ் அவனோடு ஒப்பந்தம் போட்டார். நெடுஞ்சாலையில் பெரிய பலகை வைத்தார்கள். தலைக்கவசமும் கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியுமாக ஓர் உருவம். படத்துக்கு நின்றவன் டில்லன். பலகையில் இருப்பவன் அவனைவிட உயரம், தோளும் அகலம். படம் பெரிதாக்கும்போது அப்படித்தான் தெரியும் என்றார்கள். சரி என்று விட்டேன்.

5. அதன்பின் புதுப் பையன்களைச் சேர்க்க அவனையே காட்டினார்கள். ‘மேரிக்குக்கு எல்லாப் பக்கமிருந்தும் பணம் வந்தது, அவன் போகவில்லை, இங்கேயே இருக்கிறான்’ என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். ஓமஹாவிலிருந்தும் டென்வரிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்கள் அவனைப் பார்க்க வேண்டும் என்றால் உடைமாற்றும் அறையில் அவன் பெயர் போட்ட அலமாரியைத் திறந்து காட்டுவார்கள். உள்ளே துண்டு ஒன்று எப்போதும் ஈரமாகத் தொங்கும். அந்த ஈரத் துண்டு நல்ல யோசனை என்று உடைகளைக் கவனிக்கும் ஹார்வியிடம் சொன்னேன். “நான் போடலையே லோரெட்டா. கோச் போடுறார்னு நினைச்சேன்” என்றார். பயிற்சியாளரைக் கேட்டேன். அவர் ஹார்வி என்று நினைத்திருந்தார். அதற்குப் பிறகு, அவனுக்குத் தேவைப்படும் என்பதுபோல், அந்த அலமாரியை யாரும் பூட்டுவதில்லை.

6. இனி எழுதப்போவதைப் படித்து என்னைப் பைத்தியம் என்று தாங்கள் நினைக்கக்கூடும். நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் படியுங்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றி எதுவும் அறியாத ஊர்க்காரர்கள் மேரிக்கைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். உணவகத்தில் பரிமாறும் பெண், அவன் இடதுகையால் சாப்பிடுவான், பன்றி இறைச்சி தொட மாட்டான் என்கிறாள். முடி வெட்டுபவர் அவன் பின்னந்தலையில் ஒரு தழும்பு இருப்பதாகச் சொல்கிறார். போதகரின் மனைவி என்னிடம் இறைச்சி வாங்க வந்தபோது, “எவ்வளவு நல்ல பையன் அந்த மேரிக். உம் புள்ளைக்கு சிநேகிதனாமே? அவன்கூடச் சேர்ந்தாவது டில்லன் உருப்படட்டும்” என்றார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இதைவிடக் கொடுமை, பார்ட்டோஷ் பேசியது. பெயரைக் கற்பனை செய்ததே அவர்தான். அவரிடம் போய் இந்த விளையாட்டை நிறுத்துங்கள் என்றேன். “நிறுத்தினா அவன் மனசு கஷ்டப்படும் லோரெட்டா. நேத்துகூட என்கிட்ட...” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு கடையின் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெகுநேரம் நின்றும் அவர் வெளியே வரவில்லை.

7. என் மகனுடைய நிலைமை இது. பிறந்தது முதல் வலதுகைப் பழக்கம் உள்ளவன் இப்போது இடதுகையால் எழுதுகிறான். பன்றி இறைச்சியும் மாவு உருண்டையும் முட்டைக்கோசும் என்றால் உயிரை விடுவான், இப்போது தட்டைத் தள்ளிவைக்கிறான். டில்லன் என்று கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோல் காத்திருந்துவிட்டு, பிறகுதான் பார்க்கிறான். சென்ற மாதம் ஓர் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தவன், “அவன் இன்னைக்கு என்னமா ஓடினான் பார்த்தியா அம்மா” என்றான். யார் என்றேன். “மேரிக்” என்றான். அப்போது நீ எங்கே இருந்தாய் என்றேன். “பெஞ்சுலதாம்மா உக்காந்திருந்தேன். எங்க, என்னை எறக்குறாங்களா?” என்றான். அவன் சட்டையைக் கழற்றியபோது விலா முழுக்கக் கன்றிப்போயிருந்தது. பனிக்கட்டி ஒற்றடம் கொடுத்தேன். வலிக்கவில்லை என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை ஐயா.

8. ‘உன் மகன் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் தீர்ந்தது’ என்று தாங்கள் சொல்லலாம். நானும் அதைத்தான் அவனிடம் கெஞ்சினேன். “நான் சொன்னா அவன் போயிடுவான்மா. அவன் போனா, அவனை நம்பி வந்த பசங்க எல்லாம் போயிடுவாங்க. டீம் இருக்காது” என்றான். பயிற்சியாளரும் அதையேதான் சொல்கிறார். ஒரு கல்லூரி அணி பிழைக்க என் பிள்ளை இல்லாமல் போக வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது என்று காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

9. அவசரத்தின் காரணம்: வரும் சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் கடைசி ஆட்டம். இறுதியாண்டு வீரர்களைத் தாய்மார் கைபிடித்துக் களத்தின் நடுவே அழைத்துச் செல்லும் வழக்கம் தாங்கள் அறிந்ததே. பெயரை அறிவிப்பார்கள், பிள்ளை நம் சட்டையில் மஞ்சள் செவ்வந்தி குத்துவான். ஆனால் ஒரு நிமிடமாவது களத்தில் ஆடியவனுக்குத்தான் அந்த மரியாதை. கூட்டமைப்பின் பதிவுப்படி டில்லன் குபிசெக் நான்கு வருடங்களில் களத்தில் காலே வைக்கவில்லை. அவன் பெயர் வாசிக்கப்படாது. எண் 31 வாசிக்கப்படும். சரி, எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் கைபிடித்துப் போகிறவள் நான்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, நிகழ்ச்சியைக் கவனிக்கும் அலுவலகப் பெண் பெக்கியிடம் போய்ச் சொன்னேன். அவள் சங்கடத்துடன் பார்த்தாள். “அக்கா, மேரிக்கோட அம்மா வர்றாங்களே. அவங்கதான் நடக்கணும்” என்றாள். எந்த அம்மா என்றேன். “வாராவாரம் போன் பண்ணுவாங்களே. சாப்பிட்டானா, குளிருக்கு மேல்சட்டை போட்டானான்னு கேப்பாங்க. சனிக்கிழமை வர்றேன், புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. பாவம், போன்ல ஒரே அழுகை” என்றாள். எங்கே கூட்டிப்போகப் போகிறாள் என்று பெக்கி கேட்கவில்லை.

10. நான் ஒருநாளும் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியதில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று தாங்கள் சொன்னால் நம்பத் தயாராக இருக்கிறேன். ஆனால் டில்லனிடம் இதைச் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை. “அவங்க வர்றாங்களா?” என்று கேட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. அன்று நான் பிள்ளை முன்னாலேயே அழுதுவிட்டேன். ஏன் அழுகிறீர்கள் என்று என்னை மரியாதையாகக் கேட்டான். நீ, வா என்றே பேசி வளர்ந்தவன்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது: ஆட்டக் குறிப்புகளைத் திருத்தி, அந்த ஓட்டங்கள் டில்லன் குபிசெக்கினுடையவை என்று கூட்டமைப்பின் முத்திரையுடன் அறிவிக்க வேண்டும். கல்லூரியைத் தண்டியுங்கள் என்று கேட்கவில்லை. அவர்களும் வேறு வழி தெரியாமல்தான் செய்தார்கள். அந்தப் புதுப் பையன்கள் பாவம், அவர்களை ஒன்றும் செய்துவிட வேண்டாம்.

சனிக்கிழமைக்குள் அதற்கு நேரம் போதாது என்றால், இதையாவது செய்யுங்கள். இதற்கு முத்திரை தேவையில்லை, தங்கள் தொலைபேசி அழைப்பு ஒன்றே போதும். முப்பத்தொன்றாம் எண் சட்டை களத்துக்குள் வரும் அந்த ஒரு நிமிடம் ஒலிபெருக்கியை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். எந்தப் பெயரையும் யாரும் வாசிக்க வேண்டாம், வாத்தியக் குழுவும் வாசிக்க வேண்டாம். எதிர்ப்புறக் கோட்டில் அந்த அம்மாள் வந்து நின்றால் நிற்கட்டும், அவரைத் தடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்தப் பக்கக் கோட்டில் நான் நிற்பேன். என் குரல் அவ்வளவு பெரியது அல்ல ஐயா. ஆனால் மைதானம் அமைதியாக இருந்தால், நான் டில்லன் என்று கூப்பிடுவது அவன் காதில் விழும். எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

நாள்: 10 நவம்பர் 2025
இடம்: ஆஸ்டர்வால்ட்

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
லோரெட்டா குபிசெக்
டில்லனின் தாய்