மெத்தைக்காரன் முதுகு

கோபத்தில் திரும்பிப் படுத்திருப்பவளுக்கு,

எழுப்ப மனசு வரவில்லை, தைரியமும் வரவில்லை. முதுகுவலிக்கு ஊசித்துளை வழியாகச் செய்கிற சிகிச்சைக்கு இன்றைக்கே போகிறேன். கிழிப்பது, தைப்பது எதுவும் கிடையாது, சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம். இடுப்பில் இரண்டு துளை, கழுத்தில் ஒன்று என்றார் டாக்டர். கடைக்காரப் புத்தி சும்மா இருக்குமா? "மூணையும் சேர்த்து ரெண்டா முடிச்சுக் குடுங்களேன்" என்று கேட்டுவிட்டேன். மனுஷன் சிரிக்கவே இல்லை.

கடை இன்று லீவு. 'சரக்கெடுக்கப் போயிருக்கிறோம்' என்று போகிற வழியில் ஷட்டரில் ஒட்டிவிடுகிறேன். உன் தம்பி கேட்டாலும் அதையே சொல். அவனிடம் சொல்வதும் மைக் வைத்து அறிவிப்பதும் ஒன்றுதான். எட்டு வருஷமாக "நம்ம மெத்தையில படுத்தா முதுகுவலி ஓடிப்போயிடும்" என்று விற்கிறவன் ஆஸ்பத்திரியில் கிடப்பது தெரிந்தால் யார் வாங்குவார்கள்?

நேற்று வாடிக்கையாளர் எதிரிலேயே, "முதல்ல உங்க முதுகு வலி ஓடிச்சா?" என்று கேட்டாயே, அதனால்தான் ராத்திரி பேசவில்லை. நீ கேட்டதில் தப்பில்லை. கேட்ட இடம்தான் தப்பு.

எனக்கு டிபன் செய்யாதே, வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். வீட்டுச் சாவி பிரிட்ஜ் மேல்.

பி.கு.: "கூட யார் வருவாங்க?" என்று நர்ஸ் கேட்டாள். உன்னைக் கேட்காமலே "சம்சாரம்" என்று சொல்லிவிட்டேன். துணையில்லாவிட்டால் ஊசி போட மாட்டார்களாம். பத்து மணிக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தால் போதும்.

பயமெல்லாம் ஒன்றுமில்லை. ஒன்பதரைக்கு வாயேன்.

சரி, ஒன்பது.