சாசேஜ் வெடிக்காமல் வேக

மார்ச் 6, வியாழன்

ரேகாவுக்கு மசக்கை. ரசத்தையும் வாந்தி எடுத்துவிட்டாள். இந்த வாரம் முழுக்கப் பன்னும் தண்ணீரும்தான். தாளிக்கிற வாசனை வந்தால் தெருவுக்கு ஓடுகிறாள். என்னதான் வேண்டும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சாசேஜ்" என்றாள். புதுச்சேரி ஹாஸ்டலில் ஞாயிறு தோறும் போடுவார்களாம்.

நேற்று சாம்பல் புதன். ஈஸ்டர் வரை எனக்குக் கறி கிடையாது. சமைக்கலாம், ருசி பார்க்கக் கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து புதுச்சேரி போய்க் கோழிக்கறி சாசேஜ் வாங்கி வந்தேன். எண்ணெயை நன்றாகக் காயவைத்துப் போட்டேன். ஒன்று வெடித்தது. என்ன ஆனது என்று குனிந்தேன், இன்னொன்றும் வெடித்தது. மணிக்கட்டில் கொப்புளம். வெளியே கரி, உள்ளே பச்சை. செம்மங்குப்பத்தில் எங்கள் கெமிக்கல் பிளாண்டில் இப்படி எதையாவது செய்திருந்தால் விசாரணை வைத்திருப்பார்கள்.

ரேகா வந்து பார்த்தாள். "இதுக்கு என்னா ஆச்சி?"

மார்ச் 11, செவ்வாய்

ஷிப்டில் சூசைமாணிக்கம் அண்ணனிடம் கேட்டேன். "ஊக்கால நாலு எடத்துல குத்துடா. காத்து போவ வழி வேணும்ல?" நியாயமாகப் பட்டது. குத்தினேன். காற்றோடு சாறும் போய்விட்டது. கயிறு மாதிரி இருந்தது. ரேகா பாதி மென்றாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் வெளியே வந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

சிதம்பரத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். எடை குறைந்திருக்கிறது. இப்படியே போனால் அட்மிட் பண்ண வேண்டுமாம். சாசேஜ் சாப்பிடலாமா என்று கேட்டேன். என்னை ஒருமுறை பார்த்தார். "உள்ள வரைக்கும் வெந்திருக்கணும். சூடா சாப்பிடணும்."

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது ரேகா, "போன வாட்டியும் இந்த மாசத்துலதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். போன வருடம் கரு கலைந்து இதே வழியில் திரும்பி வந்தோம்.

அவள் அம்மாவுக்குச் சொல்லலாமா என்றேன். "வாணாம்." அத்தை அண்ணாகிராமத்தில் முந்திரித் தோப்போடு இருக்கிறார்கள். நாங்கள் பதிவுத் திருமணம் செய்ததிலிருந்து மகளோடு மட்டும் பேசுவார்கள். நான் போனை எடுத்தால் கட்டாகிவிடும்.

மார்ச் 16, ஞாயிறு

பதம் வந்துவிட்டது. எழுதி வைக்கிறேன், மறந்துபோகும்.

ஐஸ் முழுக்கக் கரைய விட வேண்டும். குத்தவே கூடாது. சூடு ஏறாத சட்டியில் அடுக்கி, பாதி முழுகுகிற அளவு தண்ணீர். மூடி போட்டு, அடுப்பைச் சிம்மில் வைக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, லேசாக அசைந்தால் போதும். நடுவில் ஒரு முறை புரட்டிவிட வேண்டும். பிறகு மூடியை எடுத்துத் தண்ணீரைச் சுண்டவிட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, நிறம் வரும் வரை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை வெட்டிப் பார்த்தேன். உள்ளே எங்கும் பச்சை இல்லை.

எல்லாம் மொட்டை மாடியில், கரண்ட் அடுப்பில். வாசனை கீழே வரவில்லை.

ரேகா இரண்டு சாப்பிட்டாள். நான் பக்கெட்டோடு நின்றேன். "உக்காரு, ஒண்ணும் வராது" என்றாள். வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

இன்றும் இரண்டு.

ஏப்ரல் 8, செவ்வாய்

விடியக்காலையில் ரத்தம் பட்டிருக்கு. கார் புடிச்சி சிதம்பரம். உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. மாதாவே, இந்த வாட்டி வேணாம். என்னால ஒண்ணும் எழுத

ஏப்ரல் 9, புதன்

ஸ்கேனில் துடிப்பு இருக்கிறது. திரையைத் திருப்பிக் காட்டினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, தலையாட்டினேன்.

படுத்தே இருக்க வேண்டும். பகலில் எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. ரேகாவே அம்மாவைக் கூப்பிட்டாள். அத்தை வந்தார்கள், என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். நர்ஸிடம், "எம்பொண்ண நான் கூட்டிக்கினு போறேன்" என்றார்கள். நர்ஸ் என்னைப் பார்த்தார். சரி என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. வீட்டில் சத்தமே இல்லை. தயிர்சாதம்.

ஏப்ரல் 19, சனி

புது நம்பர். எடுத்தேன்.

"ரேகா அம்மா பேசறன்."

எழுந்து நின்றுவிட்டேன்.

"அது என்னாது, கொழா மாதிரி ஒண்ணு. பண்ருட்டில வாங்கியாரச் சொன்னன். எப்பிடி செய்யறது? வேற எதுவும் எறங்க மாட்டேங்குது அவளுக்கு."

"குத்திட்டீங்களா அத்தை?"

"குத்தனன்."

"குத்தக் கூடாது."

"தண்ணி எம்மாம் வெக்கணும்?"

"பாதி முழுவுற அளவு. சிம்லயே இருக்கணும்."

"எண்ணெ?"

"தண்ணி சுண்டன பொறவு."

வைத்துவிட்டார்கள். நான்கு வருடத்தில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு. நன்றாகத்தான் போனது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் மறுபடியும் போன். "தண்ணி சுண்டிப் புடிச்சிக்கிச்சி. நாளைக்கி நீங்களே வந்து செஞ்சி குடுங்க. பண்ருட்டில எறங்கி ஷேர் ஆட்டோ புடிங்க."

ஏப்ரல் 20, ஞாயிறு, அண்ணாகிராமம்

ஈஸ்டர் பூசை முடிந்ததும் கிளம்பினேன். தோட்டத்துப் பக்கம் அடுப்பைக் கொண்டுபோய் வைத்துச் செய்தேன். அத்தை பின்னால் நின்று பார்த்தார்கள். ரேகா கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள். மூன்று சாப்பிட்டாள்.

அத்தையும் ஒன்று எடுத்துக் கடித்துப் பார்த்தார்கள். "உப்பு ஜாஸ்தி" என்றார்கள். இன்னொன்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைசி பஸ் போய்விடும் என்று வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன்.

"ராவிக்கி அவளுக்கு யாரு செய்யறது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

செருப்பைக் கழற்றினேன்.