கடற்சுவரில் ஏறிய முப்பத்தொரு கற்கள்

“மிதிச்சுப் போற கல்லைத்தானய்யா பெயர்த்தேன்!”

“அது தளக்கல் இல்லை, எங்க அப்பன் பாட்டன்—”

“நீரே தினமும் செருப்புக் காலோட மிதிச்சுத்தானே கோயிலுக்குள்ள போறீர்!”

என இருவர் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிக் கூவும் கூடத்திலிருந்தே, எல்லைப் பாசறையில் வீற்றிருக்கும் வெண்குன்ற நாடுடைய மானவர்ம தேவருக்கு, கொற்றமும் ஆயுளும் பெருக வாழ்த்தி, உம்மை ஈன்றவளும் நீர் திரும்பும்வரை செங்கோல் காப்பவளுமான நீலவேணி மாதேவி எழுதுவிக்கும் ஓலை.

கூவியவருள் முன்னவர் நெய்தற்பட்டினத்துத் துறைக்காவலர் சேந்தன் விழுப்பரையர். மற்றவர் அத்துறை ஆர்மீனிய வணிகரின் தலைவர் கோஜா கச்சாத்தூர். பனிமலை நாட்டில் போரால் வீடிழந்து, பட்டுப்பொதியோடு உம் பாட்டனார் காலத்தில் கரையேறிய அம்மக்கள், இறந்தோரைத் தம் கோயில் முற்றத்தில் புதைத்து, பெயர் வெட்டிய கல்லைத் தரைமட்டமாகப் படுக்க வைப்பர். தொழ வருவோர் காலடியில் கிடப்பதே இறந்தவர்க்குப் பணிவென்பது அவர்கள் வழக்கம். இதையறியாத சேந்தன், பகைக்கலங்கள் மூன்று நாள் தொலைவில் வருவதாகக் கேட்டு, இடிந்த கடற்சுவரை அடைக்க முப்பத்தொரு கற்களைப் பெயர்த்துக் கட்டிவிட்டார். முற்றத்தையும் மண்ணிட்டு நிரவிவிட்டார்.

“நாளைக்குக் கடல் ஏறுறதுக்குள்ள கல் திரும்பலைன்னா, என் ஒன்பது கப்பலும் பாய் விரிக்கும்,” என்றார் கச்சாத்தூர்.

“போம்! ஆபத்துன்னா ஓடுற கூட்டந்தானே!” என்றார் சேந்தன்.

“மூணு தலைமுறையா இந்த மண்ணுலதான் செத்துக் கிடக்கோம். ஓடுறவன் இப்படியா ஓடுவான்?”

அந்த ஒன்பது கப்பல்கள் இல்லையேல் துறைவாயைக் காப்பாரில்லை. கற்களை உருவினாலோ சுவரில் யானை நுழையும் வழி. ஆதலால் கட்டளையிட்டோம்: அரண்மனைப் பெரும்படிகளை இக்கணமே பெயர்த்துச் சுவருக்கு அனுப்புக, ஒரு படி உள்ளே போன பின்னரே ஒரு கல் வெளியே வருக. நீர் திரும்புகையில் ஏணி வைத்தே அரியணைக்கு ஏற நேரும். இதனை மாற்றி மறு ஓலை விடுக்கலாகாது.

கச்சாத்தூர் தலைவணங்கி, கப்பல்களைத் துறைவாயில் நிறுத்த ஒப்பினார்.

அரக்கு உருக்கிச் சங்கு முத்திரை பதிக்கும் வேளையில், அதுவரை தூணோரம் நின்றிருந்த தாகுஹி என்னும் ஆர்மீனியக் கைம்பெண் முன்வந்தாள். அவள் கேட்டதையும் விடாது எழுதச் சொன்னோம்.

“கல்லுல பேர் இருக்கு தாயே, கல் வந்துரும். நிரவின மண்ணுல என் வீட்டுக்காரர் எந்த இடத்துல படுத்திருக்கார்னு யார் காட்டுவா?”